செக்யூரிட்டி பூத்: லெவல் 3 போதுமா, லெவல் 8 வேண்டுமா? மூன்று கொட்டேஷன், மூன்று விதமான எண்கள்

நுழைவாயில்27 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் சிவில் ஆள். பாதுகாப்பு விஷயத்தில் அனுபவம் கிடையாது, ஆனாலும் இந்த வேலை என் தலையில் வந்து விழுந்துவிட்டது.

எங்கள் தரவு மையத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்றில் ஊழியர்களின் கார்கள் வரும், இன்னொன்றில் லாரிகளும் டீசல் டேங்கர்களும் வரும். இரண்டிலும் இப்போது இருப்பது சாதாரணத் தகர பூத், உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு ரிஜிஸ்டர். இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து வந்து பார்த்தவர்கள் "குண்டு துளைக்காத பூத் வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். எந்தத் துப்பாக்கி, எத்தனை குண்டு, ஒன்றும் இல்லை.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் லெவல் 3 என்கிறார், இன்னொருவர் பிஆர்4 என்கிறார், மூன்றாமவர் "சார், நாங்கள் ரோமன் எண்ணில் மூன்று தருகிறோம், அவர் தருவதைவிட இது எவ்வளவோ மேல்" என்கிறார். மூன்றும் மூன்றுதானே, இதில் மேல் என்ன கீழ் என்ன? எங்கள் நிர்வாகம் இன்னும் எளிமையாக முடிவு செய்துவிட்டது, எந்த எண் பெரியதோ அதை வாங்கு என்று.

என் கேள்விகள் இவைதான். இந்த எண்களை எப்படி ஒப்பிடுவது? ரெடிமேடாக வரும் பூத்தை இறக்கி வைப்பதா, காங்கிரீட் சுவர் எழுப்பி நல்ல கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்வதா? நான்கு பக்கமும் கண்ணாடி வேண்டுமா, முன்பக்கம் மட்டும் போதுமா? ஏசியை எங்கே வைப்பது? இந்தக் கடைசிக் கேள்விக்கு மூன்று பேருமே சரியாகப் பதில் சொல்லவில்லை, "அதெல்லாம் சைட்டில் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்கிறார்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.


அடுக்குக்கண்ணாடி எழுதியது:

கண்ணாடி லேமினேட் செய்யும், அதாவது அடுக்கடுக்காக ஒட்டும் இடத்தில் பல வருடம் இருந்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் "குண்டு துளைக்காத" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். எந்தக் குண்டு, என்ன வேகத்தில், எத்தனை முறை என்று சொன்னால்தான் அதற்கு அர்த்தம். உங்களுக்கு வந்த மூன்று எண்களும் மூன்று வேறு தரநிலைகளைச் சேர்ந்தவை. முதலாமவர் சொல்வது அமெரிக்காவின் யூஎல் 752 ஆக இருக்கும். அதில் லெவல் 1 என்றால் 9 மிமீ கைத்துப்பாக்கி, 2 என்றால் .357 மேக்னம், 3 என்றால் .44 மேக்னம் (இரண்டும் இன்னும் பலமான கைத்துப்பாக்கித் தோட்டாக்கள்), ஒவ்வொன்றிலும் மூன்று குண்டு தாங்க வேண்டும். இரண்டாமவர் சொல்லும் பிஆர்4, ஐரோப்பாவின் இஎன் 1063 கண்ணாடித் தரநிலை. அதிலும் .44 மேக்னம்தான், மூன்று குண்டுதான். ஆக அவர்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் விற்கிறார்கள்.

மூன்றாமவர் சொல்லும் ரோமன் மூன்று அமெரிக்க நீதித் துறையின் என்ஐஜே அமைப்பு வகுத்த தரநிலையாக இருந்தால், அது 7.62 ரைஃபிள் குண்டு. அப்படியானால் அவர் சொல்வது உண்மைதான், அவருடையது உண்மையிலேயே ஒரு படி மேல். ஆனால் அதே என்ஐஜேயில் மூன்று ஏ என்று ஒன்று உண்டு, அது .44 மேக்னம். ஒரு "ஏ" எழுத்து விட்டுப்போனால் கைத்துப்பாக்கி ரைஃபிள் ஆகிவிடும். விற்பவர்கள் இந்த எழுத்தை மறந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மறதிதான் என்று நம்புவோம்.

இப்போது உங்கள் நிர்வாகத்துக்கு. பெரிய எண்தான் பெரிய பாதுகாப்பு என்பது யூஎல் 752இல் நடக்காது. லெவல் 5 என்பது 7.62 ரைஃபிள், ஆனால் ஒரே ஒரு குண்டு. லெவல் 6 என்பது மறுபடியும் 9 மிமீ, சப்மெஷின் கன் வேகத்தில் ஐந்து குண்டு. அதாவது ஐந்திலிருந்து ஆறுக்குப் போனால் ரைஃபிளிலிருந்து கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு இறங்கிவிடுகிறீர்கள். லெவல் 7, 5.56 ரைஃபிள் ஐந்து குண்டு. லெவல் 8, 7.62 ரைஃபிள் ஐந்து குண்டு. ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாக ஏறுவதில்லை இது. ஸ்பெக் (வாங்கும் பொருளின் விவரக்குறிப்பு) எழுதும்போது லெவல் எண்ணோடு தோட்டா, வேகம், எத்தனை குண்டு என்று மூன்றையும் எழுதிவிடுங்கள், அப்புறம் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

ஆற்றல் கணக்கில் பார்த்தால் .44 மேக்னம் சுமார் 1,300 ஜூல், 7.62 ரைஃபிள் சுமார் 3,400 ஜூல். இரண்டரை மடங்கு. அதுவும் கூர்மையான சின்ன முனையில் வந்து இறங்குகிறது. அதனால்தான் கைத்துப்பாக்கிக்கு ஓர் அங்குலத்தையொட்டி முடியும் கண்ணாடி, ரைஃபிளுக்குப் போனதும் இரண்டு அங்குலத்தைத் தொடுகிறது.

கண்ணாடி பற்றி இன்னொன்று. குண்டு உள்ளே வராவிட்டாலும், அடி விழுந்த அதிர்ச்சியில் உட்புறக் கண்ணாடி பொடிப்பொடியாக உடைந்து முகத்தில் தெறிக்கும். அதற்காகத்தான் உட்புறத்தில் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் அடுக்கு வைக்கிறோம். இஎன் 1063 சான்றிதழில் எண்ணுக்குப் பின்னால் "எஸ்" என்றிருந்தால் துகள் தெறிக்கும், "என்எஸ்" என்றிருந்தால் தெறிக்காது. கார்டு, அதாவது காவலர், கண்ணாடிக்கு ஓரடி தூரத்தில் உட்காரும் இடத்தில் என்எஸ் இல்லாமல் வாங்காதீர்கள்.

அப்புறம் மிக முக்கியமானது: அவர்கள் காட்டும் சான்றிதழ் எதற்கு என்று பாருங்கள். இஎன் 1063 சோதனையில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் கண்ணாடித் துண்டை வைத்து நடுவில் முக்கோணமாகச் சுடுவார்கள். உங்கள் பூத் அரை மீட்டர் கண்ணாடித் துண்டு இல்லையே. கண்ணாடி ஃபிரேமில் உட்காரும் இடம், இரண்டு சுவர்ப் பலகைகள் சேரும் மூலை, கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடுக்கு, பூட்டு, வயர் நுழையும் துளை, இங்கெல்லாம்தான் ஓட்டை. கதவு, ஜன்னல் முழு அமைப்பாகச் சோதிப்பதற்கு ஐரோப்பாவில் இஎன் 1522 என்று தனியே இருக்கிறது, அதில் எஃப்பி1 முதல் எஃப்பி7 வரை வரும். அதைக் கேளுங்கள். இல்லையென்றால் இணைப்புகளின் குறுக்குவெட்டுப் படத்தையாவது கேளுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் பின்னால் ஒரு பட்டை மேலேறி மூடியிருக்க வேண்டும். வரைபடத்தில் பென்சிலை வைத்து வெளியிலிருந்து உள்ளே நேர்கோடு போட முடிந்தால் அங்கே குண்டும் போகும்.


சும்மாகேட்டேன் எழுதியது:

தப்பாக நினைக்க வேண்டாம். இவ்வளவு செலவு செய்து ஒரு மனிதரைப் பெட்டிக்குள் உட்கார வைப்பதற்குப் பதில் கேமரா, நம்பர் பிளேட் ரீடர் வைத்து, கேட்டை உள்ளே கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்கிவிடலாமே? வாசலில் ஆளே இல்லையென்றால் யாரைச் சுடப் போகிறார்கள்?


மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

தம்பி, கேள்வி நியாயமானதுதான், கார் வாசலுக்கு அது பொருந்தலாம். ஆனால் டேங்கர் வரும் வாசலில் வண்டிக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்க்க, சீல் எண்ணைச் சரிபார்க்க, ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து "இவன் ஏன் இன்றைக்கு இப்படி வியர்க்கிறான்" என்று சந்தேகப்பட ஓர் ஆள் வேண்டும். நான் அந்த ஆளாகப் பதினாறு வருடம் இருந்தவன், அதில் ஒன்பது வருடம் இந்த மாதிரிப் பூத்துக்குள். இடத்தின் பெயர் வேண்டாம்.

கண்ணாடிக்காரர் ஐயா சொன்னதெல்லாம் சரி. நான் உள்ளே உட்கார்ந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் பூத்தின் சுவர் ரைஃபிளைத் தாங்கும் என்று தகடு ஒட்டியிருந்தார்கள். ஏசி வைத்த இரண்டாவது கோடையிலேயே நின்றுவிட்டது. சுற்றிலும் தடித்த கண்ணாடி, மேலே வெயில், திறக்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. என்ன செய்வோம்? கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்தோம். ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் அது எந்த லெவல் பூத் என்று நீங்களே சொல்லுங்கள். அதனால் நுழைவாயில் சாரின் கடைசிக் கேள்விதான் என் கணக்கில் முதல் கேள்வி. ஏசி இரண்டு போடுங்கள், ஒன்று ஓயும்போது இன்னொன்று ஓட வேண்டும். அது வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளுகிற மாதிரி இருக்க வேண்டும், வெறுமனே உள்காற்றைச் சுழற்றினால் போதாது. ஏனென்றால் இரண்டாவது பிரச்சினை புகை. லாரி வந்து என்ஜினை அணைக்காமல் ஐந்து நிமிடம் நிற்கும், புகைக்குழாய் சரியாகப் பூத்தின் பக்கம் இருக்கும். காற்று உள்ளிழுக்கும் வாய் லேன் (வண்டி வந்து நிற்கும் பாதை) பக்கம் தாழ்வாக இருந்தால் அத்தனை கார்பன் மோனாக்சைடும் கார்டின் மூக்குக்குத்தான். வாயை மேலே, லேனுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இடுக்கு வழியாகப் புகை உள்ளே வராது, உள்காற்றுதான் வெளியே போகும். எனக்கு அந்த வருடங்களில் தினமும் மாலையில் தலைவலி, வெயில் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது ராத்திரி. பகலில் பூத்துக்குள் இருப்பது வெளியே சரியாகத் தெரியாது, ராத்திரியில் உள்ளே லைட் போட்டதும் எல்லாம் தலைகீழ். கண்ணாடி முழுக்க என் முகமும் மானிட்டரும்தான் தெரியும், வெளியே இருப்பவனுக்கோ நான் கடை அலமாரிப் பொம்மை மாதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பேன். நாங்கள் உள்லைட்டின் மேல் பழைய டீஷர்ட்டைக் கட்டி வைத்திருந்தோம், மேலதிகாரி வந்து திட்டுவார், போனதும் மறுபடி கட்டுவோம். உள்லைட்டுக்கு டிம்மர் வையுங்கள், மேசையை மட்டும் காட்டுகிற சின்ன விளக்கு ஒன்று தனியாக வையுங்கள், லேன் லைட் எப்போதும் உள்லைட்டைவிடப் பிரகாசமாக இருக்கட்டும். உட்கூரைக்குக் கறுப்புப் பெயின்ட். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் கண்ணாடியின் மேல்புறம் வெளியே சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிச் சாய்த்தால் நம் கண்ணுக்கு வரும் பிரதிபலிப்பு கறுப்புக் கூரையினுடையதாக இருக்கும், தொந்தரவு செய்யாது. பூத்துக்கும் அப்படிச் செய்து தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பேசுவது இன்னொரு கொடுமை. அந்தத் தடிமனில் வெளியே கத்தினாலும் உள்ளே கேட்காது. இன்டர்காம் மைக்கில் மழைத்தண்ணீர் போனதும் கரகரவென்று ஆகிவிடும். ஓட்டுநர் என்ன சொல்கிறார் என்று புரியாமல் கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவோம். பூத்தை வாங்கியதே கார்டு வெளியே வராமல் இருக்கத்தான், ஆனால் பூத்தே அவரை வெளியே தள்ளுகிறது. பேப்பர் வாங்கக் கண்ணாடிக்குக் கீழே வளைந்த தட்டு வையுங்கள், நேர்த்துளை கூடாது. அது கார் ஓட்டுநருக்கு எட்டுகிற உயரமா, லாரி ஓட்டுநருக்கு எட்டுகிற உயரமா என்று யோசித்து வாசலுக்கு வாசல் வேறாகச் செய்யுங்கள். லாரி வாசலில் பூத்தின் தளத்தையே கொஞ்சம் உயர்த்துங்கள், இல்லையென்றால் கார்டுக்கு நாளெல்லாம் டயர்தான் தெரியும்.

கதவு லேன் பக்கம் வேண்டாம், பாதுகாக்கப்பட்ட பக்கம் வையுங்கள். லேனில் தப்பு நடக்கும்போது ஆள் வெளியேறுகிற வழியும் லேனிலேயே இருந்தால் அது பொறி. உள்ளிருந்து கரண்ட் இல்லாமலும் ஒரே திருப்பில் திறக்க வேண்டும். கழிவறை எங்கே என்று இப்போதே முடிவு செய்யுங்கள், சிரிக்காதீர்கள். பாதி அசம்பாவிதங்கள் மாற்று ஆள் இல்லாமல் பூத் காலியாக இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கும் என்பது எங்கள் ஷிப்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.


வெல்டிங்பொறி எழுதியது:

மூன்றாம்ஷிப்ட் அண்ணன் எழுதியதைப் பிரிண்ட் எடுத்து ஸ்பெக்கோடு சேர்த்து வையுங்கள். நான் தயாரிக்கும் பக்கத்திலிருந்து எடை, அஸ்திவாரம் பற்றி மட்டும்.

கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மிமீ தடிமனுக்கு இரண்டரை கிலோ. 50 மிமீ என்றால் சதுர மீட்டருக்கு 125 கிலோ, பாலிகார்பனேட் கலந்திருந்தால் கொஞ்சம் குறையும். ஸ்டீல் 10 மிமீ தகடு சதுர மீட்டருக்கு 78 கிலோ சொச்சம். 1.8 மீட்டர் சதுரத்தில் 2.4 மீட்டர் உயரம் என்று ஒரு சின்னப் பூத் எடுத்துக்கொண்டால் நான்கு பக்கமும் சேர்த்துப் பதினேழு சதுர மீட்டருக்கு மேல் வரும். பாதி கண்ணாடி, பாதி ஸ்டீல் என்று ரைஃபிள் தடிமனுக்குப் போட்டால் சுவர் மட்டுமே ஒன்றேமுக்கால் டன், கூரையும் தளமும் ஏசியும் தனி. "நான்கு பக்கமும் கண்ணாடியா" என்ற கேள்விக்கு இதுதான் பதில்: பார்க்க வேண்டிய பக்கத்தில் பார்க்க வேண்டிய உயரத்துக்குக் கண்ணாடி, மற்ற இடமெல்லாம் பலகை. இடுப்புக்குக் கீழே கண்ணாடி வைத்து என்ன பார்க்கப் போகிறோம்? ஆனால் ஒரு பக்கத்தை முழுக்க மூடிவிட்டுக் கேமராவை நம்பவும் வேண்டாம், முதுகுப் பக்கம் ஒரு சின்ன ஜன்னலாவது இருக்கட்டும்.

கைத்துப்பாக்கி லெவலுக்கு ஸ்டீலுக்குப் பதில் நெய்த ஃபைபர்கிளாஸ் பலகை நல்லது, அரை அங்குலத்துக்குப் பக்கத்தில் முடிந்துவிடும், எடையும் ஸ்டீலைவிடக் குறைவு. குண்டு பட்டதும் அது அடுக்கடுக்காகப் பிரிந்து குண்டை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். ஸ்டீலில் பட்ட குண்டு சிதறிப் பக்கவாட்டில் பறக்கும், வெளியே நிற்கிற இரண்டாவது கார்டுக்கு அது ஆபத்து.

ரெடிமேடா, கட்டடமா என்று கேட்டீர்கள். இடம் இருந்து, அவசரம் இல்லையென்றால் காங்கிரீட் சுவர் மோசமில்லை. ஆனால் கண்ணாடி ஃபிரேம் காங்கிரீட்டில் உட்காரும் இடத்தைச் சைட்டில் எவர் செய்தாலும் கோணல்தான், அடுக்குக்கண்ணாடி சொன்ன பென்சில் கோடு அங்கேதான் புகுந்து போகும். தொழிற்சாலையில் வெல்டிங் முடித்து வரும் பூத்தில் அந்த இணைப்பைச் சோதித்து அனுப்ப முடியும். பூத் வருவதற்கு முன்னால் தளம் மட்டமாக ஊற்றி, மின்கம்பியும் டேட்டா கேபிளும் தளத்துக்கு அடியிலிருந்து நேராக மேலே வருகிற மாதிரிக் குழாய் வைத்துவிடுங்கள், கூடவே இரண்டு காலிக் குழாய்களும். பூத்தை இறக்கியபிறகு "ஒரு சின்ன ஹோல் போட்டுக்கொள்கிறோம்" என்று டிரில் எடுத்து வருகிறவரை உள்ளே விடாதீர்கள். கிரேன் வண்டி எங்கே நிற்கும், மேலே மின்கம்பி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கி வைக்க முடியாமல் திரும்பிப் போன பூத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் குண்டைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆனால் பூத் நிற்பது வண்டி வருகிற இடத்தில். ஏஎஸ்டிஎம் எஃப்2656 என்று வாகனத் தடுப்புத் தரநிலை ஒன்று இருக்கிறது. அதில் எம்50 என்றால் 6,800 கிலோ லாரி மணிக்கு 80 கிமீ வேகத்தில் மோதுவது. கணக்குப் போட்டால் 17 லட்சம் ஜூல், ஒரு ரைஃபிள் தோட்டாவைப் போல ஐந்நூறு மடங்கு. எந்த லெவல் பூத்தும் அதைத் தாங்காது, தாங்கவைக்க முயற்சியும் செய்யக் கூடாது. பூத்துக்கு முன்னால் மோதல் சான்று பெற்ற பொல்லார்டு (தரையில் பதிக்கும் தடுப்புத் தூண்) போடுங்கள். நேராக வேகமெடுத்து வர முடியாதபடி பாதையையே வளையுங்கள், அது இன்னும் மலிவு. அதே லாரி 48 கிமீ வேகத்தில் வந்தால், அதாவது எம்30இல், ஆற்றல் 6 லட்சம் ஜூலுக்கு இறங்கிவிடுகிறது. வேகத்தைக் குறைப்பது எந்தத் தகட்டையும்விட நல்ல கவசம்.

80 கிமீ என்றால் நொடிக்கு 22 மீட்டர். கார்டு சந்தேகப்பட்டு, முடிவெடுத்து, பட்டனை அழுத்தி, உள்ளேயிருக்கும் தடுப்பு மேலே எழ ஆறு நொடி என்று வைத்தால் வண்டி 130 மீட்டர் போய்விடும். பூத்துக்குப் பக்கத்திலேயே கடைசித் தடுப்பை வைத்தால் அது எழுவதற்குள் வண்டி தாண்டிவிடும். அமெரிக்க ராணுவத்தின் நுழைவாயில் வடிவமைப்பு விதிகளில் அணுகும் பகுதி, சோதனைப் பகுதி, எதிர்வினைப் பகுதி என்று பிரித்துவைத்து, கடைசித் தடுப்பைத் தள்ளி உள்ளே வைப்பது இதற்காகத்தான். 1983 அக்டோபரில் பெய்ரூட்டில் அமெரிக்க மரைன் படை முகாமுக்குள் வெடிமருந்து லாரி புகுந்தபோது காவலுக்கு நின்றவர்களின் துப்பாக்கியில் மேகஸின்கூடச் செருகியிருக்கவில்லை, செருகித் தயாராவதற்குள் லாரி உள்ளே போய்விட்டது. 241 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அங்கே பூத்தின் சுவர் தடிமனாக இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்?


அடுக்குக்கண்ணாடி எழுதியது:

வெல்டிங்பொறி சொன்னதோடு ஒன்று. குண்டுக்கான கண்ணாடியும் வெடிப்புக்கான கண்ணாடியும் ஒன்றல்ல, அதற்கு இஎன் 13541 தனியாக இருக்கிறது. 1998இல் நைரோபியில் அமெரிக்கத் தூதரகம் தாக்கப்பட்டபோது முதலில் சின்ன வெடிச்சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடிவந்து பார்த்தவர்களில் பலர் அடுத்து வந்த பெரிய வெடிப்பில் கண்ணாடிச் சில்லுகளால் கண்ணை இழந்தார்கள். கோடரி, சுத்தியல் அடிக்கும் வேறு தரநிலை, இஎன் 356. உங்கள் தரவு மையத்துக்கு என்னைக் கேட்டால் ராணுவ ரைஃபிளோடு வருபவனைவிடச் சுத்தியலோடு வரும் கோபக்காரனுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.


நுழைவாயில்27 எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி, ராத்திரி இரண்டு தடவை முழுதாகப் படித்தேன். மூன்றாமவருக்குப் போன் போட்டு "சார், உங்கள் ரோமன் மூன்றுக்குப் பின்னால் ஓர் 'ஏ' இருக்கிறதா" என்று கேட்டேன். சிறிது மௌனம், அப்புறம் "செக் பண்ணிச் சொல்கிறோம்" என்றார்கள். மாலையில் மெயில் வந்தது. இருக்கிறது.

ஆக மூன்று பேரும் ஒரே கைத்துப்பாக்கி லெவலைத்தான் மூன்று பெயரில் விற்றிருக்கிறார்கள். நிர்வாகத்திடம் பேசினேன். இரண்டு வாசலுக்கும் யூஎல் லெவல் 3 என்று தோட்டாவும் எண்ணிக்கையும் எழுதி வைத்து, மிச்சப்படும் பணத்தில் லாரி வாசலுக்கு வளைந்த பாதையும் பொல்லார்டும் இரட்டை ஏசியும் என்று சொல்லியிருக்கிறேன். "லெவல் 8 இல்லையா" என்று ஒருவர் முகம் சுளித்தார், அவரிடம் அந்த ஆறு நொடிக் கணக்கைக் காட்டினேன், பேசவில்லை. இன்சூரன்ஸ்காரர்களிடமும் இதை எழுத்தில் ஒப்புதல் வாங்கப் போகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் வெயிலும் குறையும், உள்ளே இருப்பவரும் தெரியமாட்டார் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது, சரிதானா? துப்பாக்கி நீட்டும் துளை வேண்டுமா என்றும் கேட்கிறார்கள், எங்கள் கார்டுகளிடம் துப்பாக்கியே கிடையாது.


அடுக்குக்கண்ணாடி எழுதியது:

துப்பாக்கி இல்லாத இடத்தில் துப்பாக்கித் துளை எதற்கு? காசு கொடுத்து ஓட்டை வாங்குவானேன்.

கண்ணாடி தயாராகி வந்த பிறகு அதன்மேல் ஃபிலிம் ஒட்டாதீர்கள். தடித்த லேமினேட் வெயிலில் ஏற்கெனவே சூடாகும். பாலிகார்பனேட் சூட்டில் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும், நடுவே இருக்கும் பசை அடுக்குதான் இரண்டையும் சமாளிக்கிறது. கறுப்பு ஃபிலிம் சூட்டை இன்னும் உறிஞ்சினால் ஓரத்திலிருந்து அடுக்கு பிரியத் தொடங்கும், பால் மாதிரி வெண்மை படரும், சில சமயம் கண்ணாடியே கீறிவிடும். நிறம் வேண்டுமென்றால் தயாரிக்கும்போதே உள்ளடுக்கில் கேளுங்கள், கூரையை அரை மீட்டராவது வெளியே நீட்டி நிழல் கொடுங்கள். துடைக்கும் ஆளிடமும் சொல்லி வையுங்கள்: உட்புறம் பாலிகார்பனேட், அம்மோனியா கலந்த கண்ணாடி திரவம் பட்டால் நுண்விரிசல் விழும். சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். ஸ்டிக்கர் எடுக்க பிளேடு போட்டுச் சுரண்டிய கண்ணாடிகள் எங்களிடம் நிறையத் திரும்பி வந்திருக்கின்றன.


மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

ஆர்டர் கொடுக்கும் முன்னால் அவர்கள் வேறு எங்காவது வைத்திருக்கும் பூத்தைப் போய்ப் பாருங்கள். போகும்போது உங்கள் கார்டுகளில் மிக உயரமானவர் ஒருவரையும் குள்ளமானவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள், இருட்டியதும் இன்னொரு அரை மணி. பேனிக் பட்டன் உட்கார்ந்தபடியும் எட்ட வேண்டும், தரையில் விழுந்து கிடந்தாலும் எட்ட வேண்டும். ஆகவே மேசைக்கு அடியில் ஒன்று, காலருகில் ஒன்று.

சொல்ல மறந்தேன், சக்கரம் வைத்த நாற்காலி வாங்காதீர்கள். லாரி வாசலில் தளத்தை உயர்த்தப் போகிறீர்கள் அல்லவா, எங்கள் ஆள் ஒருவர் திறந்திருந்த கதவு வழியாகப் பின்னாலேயே உருண்டு போய் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.